யாரும் பேசாதபோது ஓடும் கரன்ட்

ஒலிபெருக்கியின் முன்னால் யாரும் பேசாமல் இருக்கும்போதும் அதற்குள் கொஞ்சம் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பெயர் பயாஸ் கரன்ட். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வால்வு செலவாயிற்று. அரசாங்கத்துக்கு ஒரு புயல் தேவைப்பட்டது.

எங்கள் ஓய்வூதியர் சங்க மலருக்குப் பழைய கருவிகளைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி இப்போது சர்வீஸில் இருக்கும் பிள்ளைகள் கேட்டார்கள். இன்றைக்கு ஆம்பிளிபயர் என்பது விரல் அகலச் சில்லு. அதற்குள் பயாஸ் எங்கே இருக்கிறது என்று அதைச் செய்தவனுக்குத்தான் தெரியும். தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறதாம். மிகவும் சந்தோஷம். என் காலத்தில் அதைச் சரிசெய்வதற்கென்று ஆம்பிளிபயரின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு இருந்தது. அந்தத் திருகுக்கும் எங்கள் இலாகாவுக்கும் நடந்ததை எழுதுகிறேன். இலாகாவின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. பென்ஷன் வாங்குகிறவன் நான்.

தொழில் படித்தது விழுப்புரத்தில், ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த ஒரு மைக் செட் கடையில். கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் எங்கள் ஒலிபெருக்கிக் குழாய்கள்தான். ஐம்பதுகளில் விழுப்புரத்தில் கூட்டம் இல்லாத நாள் மழை நாள்தான். ஒரு நாள் நகராட்சித் திடலில் ஒரு பெரிய பேச்சாளர். அவர் பாதி வழியில் இருக்கும்போது எங்கள் ஆம்பிளிபயரில் பயாஸ் அறுந்துபோயிற்று. பயாஸ் என்பது அந்தக் கரன்ட்டை அளவாகப் பிடித்து வைக்கும் கடிவாளம் மாதிரி. அது அறுந்தால் கரன்ட் இஷ்டத்துக்குப் பாயும். வால்வு என்ற அந்தக் கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் தகடு இஸ்திரிப்பெட்டிக் கரி மாதிரி சிவந்தது, கொஞ்சம் வெளுத்தது, பிறகு எல்லாம் அணைந்தது. குழாயில் சத்தம் நின்றுவிட்டது. மாற்று வால்வு எடுக்க நான் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் பேச்சாளர் நிறுத்தவில்லை. கூட்டமும் கலையவில்லை. கடைசி வரிசையில், அவர் உதடு அசைவதைக்கூடப் பார்க்க முடியாத தூரத்தில் இருந்தவர்கள், சரியான இடங்களில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். வால்வை மாற்றியதும் திடீரென்று சத்தம் வந்தபோதுதான் ஜனங்கள் திடுக்கிட்டார்கள். மேடையில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்து முறைத்தார்.

பிறகு திண்டிவனத்தில் அரசாங்க வேலை கிடைத்தது. விளம்பர வேனில் ஆபரேட்டர். நீல நிற வேன், கூரையில் இரண்டு குழாய்கள், உள்ளே ஆம்பிளிபயர், சினிமாப் படம் காட்டும் புரொஜெக்டர். ஓட்டுவதற்குக் கன்னியப்பன். ஊர் ஊராகப் போய் அம்மை குத்திக்கொள்ளுங்கள், கொதித்த தண்ணீர் குடியுங்கள், நல்ல விதை போடுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னதைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கடைசியில் ஒரு படம் போடுவோம்.

எங்கள் அதிகாரி மாசிலாமணி சார். அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது, ஆனால் உள்ளதைச் சொன்னால் அதுவே கேலியாகிவிடுகிறது. ஆறடி உயரம். முன்பு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். அவர் 'ஏழுமலை' என்று என்னைக் கூப்பிட்டால் பக்கத்துத் தாலுகா ஆபீஸில் இருந்த இன்னொரு ஏழுமலையும் எழுந்து வருவார். லஞ்சம் என்ற சொல்லைக் கேட்டாலே கை கழுவுவார். ஆபீஸ் பேனாவால் சொந்தக் கடிதம் எழுத மாட்டார். அறையை விட்டு வெளியே போகும்போது மின்விசிறியை நிறுத்துவார். உள்ளே மற்றவர்கள் உட்கார்ந்திருந்தாலும் நிறுத்துவார். சிக்கனம் பற்றி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வரும்போதெல்லாம் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவது மற்ற அதிகாரிகளின் வழக்கம். இவர் படித்தார். தொந்தரவு அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் நான் வேனில் ஆம்பிளிபயரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து அதன் தலையில் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏழுமலை, இது ஏன்யா இப்படிச் சுடுது?"

"ஆன்ல இருக்குது சார்."

"யாராவது பேசறாங்களா?"

"இல்ல சார்."

"பாட்டு கீட்டு ஓடுதா?"

"இல்ல சார்."

"அப்புறம் யாரும் பேசாதப்ப எதுக்கு கரன்ட்டு? பேட்டரி யார் வூட்டுது?"

நான் அவருக்கு விளக்கினேன். கோலியனூர் போகும் சாலையில் ஒரு மரவாடி உண்டு. அங்கே இரண்டு பேர் எதிரெதிரே நின்று பெரிய ரம்பத்தால் மரம் அறுப்பார்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் சும்மா நிற்பதாகத்தான் தோன்றும். ஆனால் அவர் கைப்பிடியை விட்டிருக்க மாட்டார், லேசாகப் பிடித்திருப்பார். விட்டால் ரம்பம் நெளிந்து மரத்தில் சிக்கிக்கொள்ளும். எங்கள் ஆம்பிளிபயரிலும் கடைசியில் இரண்டு வால்வுகள் அப்படித்தான் வேலை செய்தன. குரலின் ஒரு பாதியை இது இழுக்கும், மறு பாதியை அது இழுக்கும். முறை மாறும் இடத்தில் குரல் வெட்டுப்படாமல் இருக்க இரண்டும் எப்போதும் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பிடிதான் யாரும் பேசாதபோது ஓடும் கரன்ட்.

மாசிலாமணி சார் கவனமாகக் கேட்டார். எதையும் கவனமாகக் கேட்பார்.

"அப்ப ஒருத்தன் வேல செய்யாம சும்மா புடிச்சிக்கினு நிக்கறான்."

"அவன் அப்படி நின்னாதான் சார்..."

"நம்ம ஆபீஸ்ல எத்தன பேரு அப்படிப் புடிச்சிக்கினு நிக்கறாங்கன்னு எனக்குத் தெரியும்யா. அவங்கள என்னால ஒண்ணும் பண்ண முடியல. இந்த மெஷினையாவது பண்றேன். கரன்ட்ட கொற."

"கொறைக்கணும்னா பயாஸ கூட்டணும் சார்."

"கொறைக்கறதுக்குக் கூட்டறதா?"

"அது மைனஸ் வோல்ட் சார். மைனஸ் பக்கமா கூட்டினா கரன்ட் கொறயும்."

அரசாங்கத்தில் அந்த மாதிரிக் கணக்கு அவருக்குப் புதிதல்ல. "கூட்டு" என்றார்.

திருகைத் திருப்பினேன். மீட்டரில் முள் இறங்கி இறங்கிக் கடைசியில் பூஜ்யத்தில் படுத்தது. அவரே மைக்கை வாங்கிச் சோதித்தார். "திண்டிவனம் பொதுமக்களே!" என்று அவர் ஒரு குரல் கொடுத்ததும் பஸ் நிலையத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கணீரென்று இருந்தது. ஏனென்றால் பலமான குரலுக்கு அந்தப் பிடி தேவையில்லை. அது வால்வுகளை உதைத்தே எழுப்பிவிடும். வெட்டுப்படுவதெல்லாம் மெல்லிய குரல்தான். வால்யூமை ஏற்றிச் சமாளிக்கலாம் என்றால் குழாய் ஊளையிட ஆரம்பித்துவிடும். "எவ்ளோ ஜோரா இருக்குது பாத்தியா? ஆம்பிளிபயரும் ஜில்லுனு இருக்குது" என்றார். அந்தக் குரல் உள்ளவர் சோதித்தால் தகர டப்பாவும் ஜோராகத்தான் இருக்கும்.

முதலில் மாட்டிக்கொண்டவர் எங்களோடு கிளியனூர் வந்த பெண் டாக்டர். பூப்போலப் பேசுவார். அம்மை குத்துவதைப் பற்றி அவர் அக்கறையாகச் சொன்னதெல்லாம் குழாயில் சரசரவென்று, சருகு மேல் கோழி நடப்பதைப் போல வந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "டாக்டரம்மாவுக்கே ஒடம்பு சொகமில்ல போலக்கீதே, நமக்கு இன்னாத்த ஊசி போடுவாங்க?" என்றாள். கூட்டம் பாதி அதோடு கிளம்பிவிட்டது.

மறுநாள் நான் மாசிலாமணி சாரிடம் சொன்னேன். அவர் தீர்வு கண்டார். கருவியில் குறையில்லை, பேசுகிறவர்களின் தொண்டையில்தான் குறை. இனிமேல் வேனில் பேசுகிற ஒவ்வொருவரும் உரத்த குரலில்தான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டார். போட்டதோடு விடவில்லை, டிரில் மாஸ்டர் அல்லவா? தினமும் காலையில் ஆபீஸ் கொல்லைப்புறத்தில் சுகாதார ஆய்வாளரையும் விவசாய அலுவலரையும் வரிசையாக நிற்கவைத்துக் கத்தப் பழக்கினார். "வயித்துலேர்ந்து வரணும் சார், வயித்துலேர்ந்து!" என்று அவர் சொல்லிக்கொடுப்பது தெரு முழுக்கக் கேட்கும். ஆபீஸில் ஏதோ தகராறு என்று ஒரு முறை போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

பயிற்சி பலித்தது. விக்கிரவாண்டியில் விவசாய அலுவலர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, சாகுபடியைப் பற்றிக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "விதையை இடைவெளி விட்டுப் போட வேண்டும்! கேட்கிறதா? இடைவெளி விட்டு!" முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி கையைக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"சார், நான் எடம் வுட்டுதான் சார் போட்டுக்கினு வர்றேன். யாரோ உங்களாண்ட தப்பா வத்தி வெச்சிட்டாங்க. எதுக்கு சார் இப்படித் திட்டறீங்க?"

பேட்டரி மிச்சமாவது மட்டும் உண்மை. மாசிலாமணி சார் அதை மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் மகிழ்ந்துபோய், எல்லா வேன்களிலும் அப்படியே செய்யச் சொன்னது. மகிழ்ச்சி அதோடு நிற்காமல், ஆபரேட்டர்கள் திருகை மறுபடி திருப்பிவிடக் கூடாது என்று ஓர் ஆளை அனுப்பியது. அவர் மெழுகுவத்தி, சிவப்பு அரக்கு, பித்தளை முத்திரையோடு வந்து, திருகின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்திவிட்டுப் போனார். புதையல் பெட்டிக்குக்கூட அவ்வளவு பாதுகாப்பு இருந்திருக்காது. அதை உடைத்தால் அரசாங்க முத்திரையை உடைத்த குற்றம். வேலை போகும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த ஐப்பசியில் புயல் வந்தது.

அந்த வாரம் முழுவதும் தடுப்பூசிப் பிரச்சாரம். மாசிலாமணி சார் தானே முன்னின்று ஊர் ஊராக முழங்கித் தொண்டை கட்டிப்போயிருந்தார். காலையில் மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் குப்பங்களுக்கு உடனே எச்சரிக்கை கொடுக்கச் சொல்லித் தந்தி வந்தபோது, அவர் என்னிடம் சைகையால்தான் வண்டியை எடுக்கச் சொன்னார். கன்னியப்பன் வேனைப் பறக்க விட்டான். வழியெல்லாம் பனைமரங்கள் ஒரே பக்கமாகத் தலை சாய்த்துக்கொண்டிருந்தன. உப்பளத்தைத் தாண்டும்போதே கடலின் இரைச்சல் கேட்டது.

முதல் குப்பத்தில் வேனை நிறுத்தி மைக்கை அவர் கையில் கொடுத்தேன். அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. குழாயில் சரக் சரக்கென்று ஏதோ கேட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். அதே சரக் சரக். மைக்கை என்னிடம் நீட்டினார்.

எனக்குப் பிறவியிலேயே மெலிந்த குரல். மைக் செட் தொழிலுக்கே நான் வந்ததற்கு அதுதான் காரணம் என்று என் மனைவி சொல்வாள். உயிரைக் கொடுத்துக் கத்தினேன். "புயல்" என்ற சொல் 'ப்' என்றும் 'ல்' என்றும் தனித்தனியாகக் கடற்கரையில் விழுந்தது. கன்னியப்பனிடம் கொடுத்தேன். அவனுக்குக் குரல் உண்டு, ஆனால் மைக்கைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "யோவ்... யோவ்..." என்பதற்கு மேல் அவனுக்கு எதுவும் வரவில்லை.

இதற்குள் குடிசைகளிலிருந்து ஜனங்கள் வந்துவிட்டார்கள். பாயும் கையுமாக வந்தார்கள். குழாய் கரகரத்தால் படம் போடப்போகிறார்கள் என்று அர்த்தம். எங்கள் வேன் அவர்களுக்குப் பழக்கியிருந்தது அதைத்தான். பெண்கள் முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கடல் சேற்று நிறத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. காற்று என் வேட்டியை அடித்துக்கொண்டிருந்தது.

மீன் கூடையோடு ஒரு பெண் வேனுக்குப் பக்கத்தில் வந்தாள். தனபாக்கியம் என்று பெயர். மரக்காணம் சந்தையில் மீன் விற்பவள் என்று பிறகு தெரிந்தது.

"இன்னா சார் சொல்றீங்க? ஒண்ணும் பிரியலியே. இன்னா படம்?"

"படம் இல்லம்மா. புயல் வருது. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிடணும். கட்டுமரத்தையெல்லாம் மேல ஏத்தணும். இன்னிக்கே அடிக்கப்போவுது."

அவள் கூடையை இறக்கினாள். மைக்கை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"ஏ, பாய விரிச்சிக்கினு குந்திக்கினு கீறீங்களே! படமும் இல்ல மண்ணும் இல்ல. புயல் வருதாம்! கொயந்த குட்டிய தூக்கிக்கினு இஸ்கூலுக்கு ஓடுங்க, ஜல்தி! டேய் முருகா, மரத்த மேட்டுல ஏத்துடா! அப்புறம் ஏத்தலாம்னு குந்தினு கீந்தே, நானே வந்து கால ஒடிப்பேன்!"

சந்தையில் பத்துக் கடைச் சத்தத்தைத் தாண்டி வஞ்சிரம் விற்ற குரல் அது. வால்வுகள் இரண்டும் துள்ளி எழுந்து வேலை செய்தன. ஓர் எழுத்துகூட வெட்டுப்படவில்லை. பாய்கள் சுருண்டன. கொஞ்ச நேரத்தில் அந்த மணலில் யாரும் இல்லை.

அடுத்த குப்பத்துக்கும் வரும்படி அவளைக் கெஞ்சினேன். "எம் மாமியா நடக்க முடியாம படுத்துக்கினு கீது. அதை யாரு தூக்குவாங்க?" என்று ஓடிவிட்டாள். அவள் சொன்னது நியாயம்.

இரண்டாவது குப்பம் இன்னும் தாழ்வான இடம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை ஊசியாகக் குத்தியது. அங்கேயும் கரகரத்தோம். அங்கேயும் சிலர் எட்டிப் பார்த்தார்கள். மழையில் யார் படம் போடுவார்கள் என்று மறுபடி உள்ளே போய்விட்டார்கள். கன்னியப்பன் இறங்கிக் குடிசை குடிசையாகத் தட்ட ஓடினான். குடிசைகள் கரையோரம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிதறிக் கிடந்தன. ஓடித் தீராது.

மாசிலாமணி சார் வேனுக்குள் உட்கார்ந்து அந்த அரக்கு முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடியில் இருக்கும் திருகைத் திருப்பினால் போதும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையெழுத்து இருவருமே போட்டிருந்தோம். எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள். அவருக்கு ஓய்வு பெறச் சில வருஷங்களே இருந்தன. விதியை மீறுவது அவருக்குத் தன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் நடப்பது மாதிரி.

அவர் கையை நீட்டினார். திருப்புளியைக் கேட்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கொடுத்தேன். அதன் பிடியால் அரக்கை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சிவப்புத் துண்டுகள் அவர் மடியில் சிதறின. திருப்புளியை என்னிடம் திருப்பிக் கொடுத்து, திருகைக் காட்டினார்.

திருப்பினேன். மீட்டரில் முள் எழுந்து நின்றது. அத்தனை மாதங்களுக்குப் பிறகு அது எழுந்ததைப் பார்த்தபோது, படுக்கையில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்ததைப் போல இருந்தது எனக்கு.

அவர் மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டார். குரலே இல்லாத வெறும் மூச்சுப் பேச்சு. "அம்மா, அய்யா... புயல் வருது... பெரிய புயல்... வீட்ட விட்டுட்டு வாங்க... பொருள் போனா போவுது... குழந்தைங்கள எடுத்துக்கினு ரோட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க... கெஞ்சிக் கேக்கறேன்..." அந்த மூச்சு அப்படியே, சிறு கீறலும் இல்லாமல், குழாய் வழியே மழைக்குள் போயிற்று. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாரோ நின்று காதோடு சொல்வதைப் போல இருந்தது.

கதவுப் படல்கள் திறந்தன. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வயதான மீனவர் ஒருவர் பேரக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேனைக் கடந்து போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"கவர்மென்ட்டு ஆபீசரு இவ்ளோ மெதுவா பேசறாருன்னா, நெசமாத்தாண்டா இருக்கும். நட."

சாயங்காலம் காற்று வந்து அந்த இரண்டு குப்பங்களையும் துடைத்துவிட்டுப் போனது. ஒரு குடிசை மிஞ்சவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆள்மேல் ஆளாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். தனபாக்கியத்தின் மாமியார் அங்கேயும் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்ததாகக் கன்னியப்பன் வந்து சொன்னான்.

தண்ணீர் வடிந்ததும் விசாரணை வந்தது. புயலைப் பற்றி அல்ல, அரக்கைப் பற்றி. விசாரணைக்கு வந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மாசிலாமணி சாரைக் கேட்டார்.

"முத்திரையை உடைக்காமலே முதல் குப்பத்தில் ஒரு பெண்மணியைக் கொண்டு வேலையை முடித்திருக்கிறீர்கள். இரண்டாவது குப்பத்தில் ஏன் அப்படி ஒரு பெண்மணியைத் தேடவில்லை?"

மாசிலாமணி சாருக்குக் குரல் திரும்பியிருந்தது. ஆனாலும் மெதுவாகத்தான் பதில் சொன்னார். "கரன்ட்ட கொறைக்கச் சொன்னதும் நான்தான் சார். ஒடைச்சதும் நான்தான். இவன் மேல எதுவும் இல்ல." நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அவருக்குக் கண்டனமும் மாற்றலும் கிடைத்தன. தனபாக்கியத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உரத்த குரலுள்ள பெண்களைக் குப்பம்தோறும் கண்டறிந்து வைக்கலாம் என்ற யோசனை மட்டும் மேலிடத்தில் சில காலம் பரிசீலனையில் இருந்தது.

மாற்றல் உத்தரவோடு ஒரு சின்னப் பொட்டலமும் வந்தது. உள்ளே அரக்கும் அந்தப் பித்தளை முத்திரையும். உடைக்கப்பட்ட முத்திரையை உடனே மறுபடி வைத்துவிட்டு அந்தப் பித்தளை அச்சைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. மாசிலாமணி சார் அதை நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார். பிறகு என்னை வேனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"முத்திரை வைக்கச் சொல்லியிருக்காங்க. திருகு எங்க நிக்கணும்னு எழுதல."

"ஆமா சார்."

"எங்க நின்னா சரி?"

காட்டினேன். அங்கே நிறுத்தச் சொன்னார். டாக்டரம்மாவை வரவழைத்து மைக்கில் இரண்டு வார்த்தை பேசவைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தானே அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரையை அழுத்தி, ஆறும்வரை அதன் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"இனிமே ஒருத்தனும் கொறைக்க முடியாதுய்யா" என்றார்.

அவருக்குப் பிறகு எத்தனையோ அதிகாரிகள் வந்தார்கள். சிக்கனச் சுற்றறிக்கைகளும் வந்தன. ஒவ்வொருவரும் வேனுக்குள் எட்டிப் பார்த்து, மேலிடத்து முத்திரையைக் கண்டதும், யாரோ பெரியவர்கள் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள் என்று மரியாதையாக விலகிப் போனார்கள். அந்த வேனை ஏலம் விடும்வரை, யாரும் பேசாதபோதும் அதில் சரியான அளவு கரன்ட் ஓடிக்கொண்டிருந்தது, அரசாங்கத்தின் முழுப் பாதுகாப்போடு.